ராத்திரி 4,960 பங்குகள்... காலையில் 49! டீமேட் கணக்கில் நடந்தது என்ன?

காபி டம்ளரோடு மொபைலைத் திறந்தவர் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். நேற்று ராத்திரி வரை டீமேட் கணக்கில் 4,960 பங்குகள் இருந்தன. இப்போது அதே கம்பெனி பெயருக்கு எதிரே 49 என்று காட்டுகிறது.

"பாப்பா, இங்க கொஞ்சம் வாயேன். என் ஷேரையெல்லாம் யாரோ எடுத்துட்டாங்க போலிருக்கு!"

மகள் போனை வாங்கிப் பார்த்தாள். "ஹேக் எல்லாம் இல்லப்பா. விலையைப் பாருங்க. நேத்து 2 ரூபாய், இன்னிக்கு 200 ரூபாய். லாபம் 2,400 சதவிகிதம்னு பச்சைக் கலர்ல காட்டுது!"

அப்பாவின் முகம் மாறியது. திருட்டுப்போன பயம் போய், லாட்டரி அடித்த சந்தோஷம் வந்துவிட்டது.

இரண்டுமே தப்பு. பங்குகளை யாரும் திருடவும் இல்லை, ஒரு ரூபாய் லாபம் வரவும் இல்லை. அந்த வீட்டுக்கு நடந்த விஷயத்தின் பெயர் 'பங்கு ஒருங்கிணைப்பு'. மார்க்கெட் பாஷையில் 'ரிவர்ஸ் ஸ்ப்ளிட்'.

இது கற்பனை வீடுதான். ஆனால், கணக்கு நிஜம். சின்னக் கம்பெனிப் பங்குகளை 'விலை கம்மியா இருக்கே' என்று ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இது ஒருநாள் நடக்கலாம். அப்போது பதற்றப்படாமல் இருக்க, இந்த வாரம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

சில்லறையும் நோட்டும்

கடைக்காரர் கல்லாவில் நூறு ஒரு ரூபாய் நாணயங்கள் சேர்ந்துவிட்டன. அவற்றைக் கொடுத்து ஒரே ஒரு 100 ரூபாய் நோட்டு வாங்கிக்கொள்கிறார். பை எடை குறைந்தது. பணம் குறையவில்லை, கூடவும் இல்லை. பங்கு ஒருங்கிணைப்பும் இதேதான்.

ஒரு நிறுவனத்தில் 10 கோடி பங்குகள் இருக்கின்றன, ஒரு பங்கின் விலை 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சந்தை மதிப்பு 20 கோடி ரூபாய். நிறுவனம் '100 பங்குகளுக்கு 1 பங்கு' என்று ஒருங்கிணைக்கிறது. இப்போது 10 லட்சம் பங்குகள், ஒன்று 200 ரூபாய். பெருக்கிப் பார்த்தால் அதே 20 கோடி. 1 ரூபாயாக இருந்த முகமதிப்பு 100 ரூபாயாக மாறியிருக்கும். தொழிற்சாலை அதேதான், கடனும் அதேதான், விற்பனையும் அதேதான்.

நம் அப்பாவின் கணக்குக்கு வருவோம். அவர் 4,960 பங்குகளை 8 ரூபாய் விலையில் வாங்கியிருந்தார். போட்ட பணம் 39,680 ரூபாய். விலை 2 ரூபாய்க்கு இறங்கியபோதே அதன் மதிப்பு 9,920 ரூபாயாகிவிட்டது. அதாவது, ஒருங்கிணைப்பு நடப்பதற்கு முன்பே போட்டதில் முக்கால் பங்கு போய்விட்டது. ஒருங்கிணைப்புக்குப் பிறகு 49 பங்குகள் × 200 = 9,800 ரூபாய். மிச்சமிருக்கும் 0.6 பங்குக்கு 120 ரூபாய். கூட்டினால் அதே 9,920.

அப்படியானால் அந்த 2,400 சதவிகித லாபம் எங்கிருந்து வந்தது? புதிய விலை 200 ரூபாயை, பழைய வாங்கிய விலையான 8 ரூபாயோடு ஆப் ஒப்பிட்டுவிட்டது. வாங்கிய விலையும் நூறால் பெருக்கப்பட்டு 800 ரூபாய் என்று மாற வேண்டும். புரோக்கரின் கணக்கில் அது திருத்தப்படச் சில நாள்கள் ஆகலாம். திருத்தியதும் பச்சை போய் சிவப்பு வந்துவிடும்: 75 சதவிகித நஷ்டம். அந்தச் சில நாள் பச்சையை நம்பி யாரும் பார்ட்டி வைத்துவிடக் கூடாது.

ஏன் செய்கிறார்கள்?

பங்கைப் பிரிப்பது, அதாவது 'ஸ்ப்ளிட்', பலருக்கும் தெரியும். விலை மிகவும் ஏறிப்போன நிறுவனம், சாதாரண மக்களும் வாங்கட்டும் என்று ஒரு பங்கை ஐந்தாகவோ பத்தாகவோ பிரிக்கும். ஒருங்கிணைப்பு அதற்கு நேர் எதிர். பெரும்பாலும் விலை இறங்கிப்போன நிறுவனம்தான் இதைச் செய்யும். அதனால்தான் கணக்குப்படி எதுவும் மாறாவிட்டாலும், இந்த அறிவிப்பைக் கேட்டதும் சந்தை முகம் சுளிக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு நேரடிக் காரணம் உண்டு. அங்குள்ள நாஸ்டாக் சந்தையில், ஒரு பங்கின் விலை தொடர்ந்து 30 வர்த்தக நாள்கள் 1 டாலருக்குக் கீழே இருந்தால் நிறுவனத்துக்கு நோட்டீஸ் போகும். சரிசெய்ய 180 நாள்கள் அவகாசம். விலையை ஏற்ற வியாபாரத்தை முன்னேற்றுவது கடினம். பத்துப் பங்கை ஒன்றாக்கிவிடுவது சுலபம். எனவே, பட்டியலிலிருந்து நீக்கப்படாமல் இருக்க சின்ன நிறுவனங்கள் ஒருங்கிணைப்பைக் கையில் எடுக்கின்றன.

இந்தியச் சந்தைகளில் அப்படி ஒரு குறைந்தபட்ச விலை நிபந்தனை கிடையாது. ஒரு ரூபாய்க்கும் கீழே விற்கும் பங்குகள் இங்கே வருடக்கணக்கில் வர்த்தகமாகின்றன. ஆகவே, இங்கே சொல்லப்படும் காரணங்கள் வேறு.

ஒன்று, 'பென்னி ஸ்டாக்' என்ற பெயரை உதறுவது. 2 ரூபாய்ப் பங்கைக் கண்டாலே பெரிய முதலீட்டு நிறுவனங்கள் ஒதுங்கிப்போகும். இரண்டு, விலையாட்டம். 2 ரூபாய்ப் பங்கு 10 பைசா நகர்ந்தாலே 5 சதவிகிதம் ஏறியதாகவோ இறங்கியதாகவோ ஆகிவிடும். மூன்று, திவாலான நிறுவனத்தைப் புதியவர் எடுத்து நடத்தும்போது பழைய மூலதனத்தைச் சுருக்குவது. நான்காவது காரணத்தை எந்த நிறுவனமும் வாய்விட்டுச் சொல்லாது: 60 பங்கு, 70 பங்கு வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான சின்னப் பங்குதாரர்களைக் குறைப்பது.

அத்தையின் 60 பங்குகள்

அந்த நான்காவது காரணம்தான் சாதாரண முதலீட்டாளருக்கு உண்மையான அடி.

நம் கற்பனை வீட்டில் ஓர் அத்தையும் இருக்கிறார். 'நல்ல கம்பெனி, தைரியமா வாங்குக்கா' என்று தம்பி சொன்னதை நம்பி, தன் பெயரில் டீமேட் கணக்குத் தொடங்கி, வாழ்க்கையில் முதல்முறையாக 60 பங்குகள் வாங்கியவர். அவருக்கு இப்போது கிடைப்பது 0.6 பங்கு. இந்தியாவில் அரைப் பங்கு, முக்கால் பங்கை டீமேட்டில் தர முடியாது. எனவே, அவர் கணக்கில் பங்கு பூஜ்யம்.

"ஒண்ணுகூட இல்லையா தம்பி?" என்று அவர் கேட்டால், தம்பிக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

பொதுவாக இப்படி மிஞ்சும் பின்னங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து முழுப் பங்குகளாக்கி, ஒரு டிரஸ்டியிடம் ஒப்படைப்பார்கள். அவர் அவற்றைச் சந்தையில் விற்று, வந்த பணத்தை உரியவர்களின் வங்கிக் கணக்குக்கு விகிதப்படி அனுப்புவார். அத்தைக்கு 120 ரூபாயோ, விற்ற அன்றைய விலையைப் பொறுத்துச் சற்றுக் கூடக்குறையவோ வரும். சில நிறுவனங்கள் பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்கி ஒரு பங்காகக் கொடுப்பதும் உண்டு. எது என்பது பங்குதாரர்களுக்கு அனுப்பும் நோட்டீஸிலேயே எழுதப்பட்டிருக்கும்.

பணம் வந்துவிட்டதே, பிறகென்ன என்று தோன்றலாம். ஆனால், அத்தை அந்த நிறுவனத்தின் பங்குதாரர் என்ற இடத்தை இழந்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் அவருக்கு ஓட்டு இல்லை. நாளை நிறுவனம் தலைநிமிர்ந்தால் அதில் அவருக்குப் பங்கு இல்லை. விற்கலாமா, வைத்திருக்கலாமா என்ற முடிவை அவர் எடுக்கவில்லை. அவருக்காக வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். விகிதம் 1,000-க்கு 1 என்றால் 999 பங்கு வைத்திருப்பவர்வரை இதே கதிதான். அமெரிக்காவில் சில நிறுவனங்கள் பங்குதாரர் எண்ணிக்கையைக் குறைத்து, பொதுச் சந்தையிலிருந்து விலகி, தனியார் நிறுவனமாக மாறுவதற்கே இந்த வழியைப் பயன்படுத்தியிருக்கின்றன.

இதைத் தவிர்க்க முடியுமா? 'ரெக்கார்டு தேதி' என்று ஒரு நாளை நிறுவனம் முன்கூட்டியே அறிவிக்கும். அன்று யார் கணக்கில் எத்தனை பங்கு இருக்கிறதோ, அதுதான் கணக்கு. அதற்கு முன்பே அத்தை இன்னும் 40 பங்குகளை வாங்கியிருந்தால் நூறாகியிருக்கும். செலவு 80 ரூபாயும் சில்லறைக் கட்டணமும். நிறுவனத்தின் மேல் நம்பிக்கை இல்லையென்றால் 60 பங்குகளையும் தானே விற்று வெளியேறியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் முடிவு அவருடையதாக இருந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், அப்பாவுக்கும் குறைந்தது அதே 40 பங்குகள்தான்.

ருச்சி சோயா சொன்ன பாடம்

இந்தியாவில் அதிகம் பேசப்பட்ட ஒருங்கிணைப்பு, சமையல் எண்ணெய் நிறுவனமான ருச்சி சோயாவில் நடந்தது. கடனில் மூழ்கிய அந்த நிறுவனம் 2017 டிசம்பரில் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2019-ல் பதஞ்சலி குழுமம் சுமார் 4,350 கோடி ரூபாய்த் திட்டத்தோடு அதை எடுத்துக்கொண்டது. அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாக, பழைய பங்குதாரர்களின் ஒவ்வொரு 100 பங்கும் 1 பங்காக்கப்பட்டது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய இடம். சாதாரண ஒருங்கிணைப்பில் 100 பங்குகள் ஒன்றானால், முகமதிப்பு நூறு மடங்காகும். ருச்சி சோயாவில் முகமதிப்பு 2 ரூபாயாகவே இருந்தது. அதாவது, ஒருங்கிணைப்போடு மூலதனக் குறைப்பும் சேர்ந்து நடந்தது. சுமார் 33.41 கோடியாக இருந்த பழைய பங்குகள் சுமார் 33.41 லட்சமாகச் சுருங்கின. அதன் பிறகு புதிய உரிமையாளர்கள் பக்கம் கோடிக்கணக்கில் புதிய பங்குகள் ஒதுக்கப்பட்டன. முடிவில் 99 சதவிகிதம் புரொமோட்டர்களிடம் இருந்தது. பொதுமக்கள் கையில் மிஞ்சியது ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு.

வர்த்தகம் நிறுத்தப்படும்முன் அந்தப் பங்கின் விலை 4 ரூபாய்க்கும் கீழே. 2020 ஜனவரி இறுதியில் மறுபடி பட்டியலானபோது விலை சுமார் 17 ரூபாய். '4 ரூபாய்ப் பங்கு 17 ஆயிடுச்சு' என்று மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும். ஆனால், 10,000 பங்குகள் வைத்திருந்தவரிடம் அப்போது இருந்தது 100 பங்குகள். 30,000 ரூபாய்க்கு மேல் இருந்த மதிப்பு, 1,700 ரூபாய்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். சந்தையில் கிடைத்த பங்குகள் மிகவும் குறைவு என்பதால், தினமும் உச்ச வரம்பைத் தொட்டபடி 2020 ஜூன் கடைசியில் விலை 1,500 ரூபாயைத் தாண்டியது. விற்காமல் பொறுத்திருந்த பழைய பங்குதாரர் சிலருக்கு அது அதிர்ஷ்டம். ஆனால், அந்த விலையைப் பார்த்து ஆசைப்பட்டு உள்ளே நுழைந்த புதியவர்களின் நிலை? 2022 மார்ச்சில் அதே நிறுவனம் பொதுமக்களுக்குப் புதிய பங்குகளை விற்றபோது நிர்ணயித்த விலை 650 ரூபாய். அதே ஆண்டு ஜூனில் நிறுவனத்தின் பெயர் பதஞ்சலி ஃபுட்ஸ் என்று மாறியது.

இந்த விவகாரத்துக்குப் பிறகு 2021-ல் அரசு விதியைத் திருத்தியது. திவால் நடவடிக்கையிலிருந்து மீண்டு பட்டியலில் தொடரும் நிறுவனத்தில் குறைந்தது 5 சதவிகிதப் பங்காவது பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்பது இப்போது கட்டாயம்.

பாடம் எளிமையானது. நோட்டீஸில் 'ஒருங்கிணைப்பு' என்ற சொல்லோடு 'மூலதனக் குறைப்பு' என்ற சொல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது சில்லறையை நோட்டாக்குவது. இரண்டாவது, நூறு ரூபாய்ச் சில்லறையை வாங்கிக்கொண்டு ஒரு ரூபாயைத் திருப்பித் தருவது.

22.5 லட்சம் பங்குகள் ஒன்றான கதை

மொபைல் ஆப் வழியாக அமெரிக்கப் பங்குகளை வாங்கும் இளைஞர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் முல்லன் ஆட்டோமோட்டிவ். மின்சார வாகன நிறுவனம். சின்ன முதலீட்டாளர்கள் 'அடுத்த டெஸ்லா' கனவோடு வாங்கிக் குவித்த பங்கு.

2023 மே மாதம் 25 பங்குகளை 1 ஆக்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் 9-க்கு 1. டிசம்பரில் 100-க்கு 1. 2024 செப்டம்பரில் மறுபடி 100-க்கு 1. இந்த நான்கையும் பெருக்கினால் 22,50,000. அதாவது, 2023 ஏப்ரலில் 22.5 லட்சம் பங்குகள் வைத்திருந்த ஒருவரிடம், பதினெட்டு மாதம்கூட முடியாமல் மிஞ்சியது ஒரே ஒரு பங்கு. 2025-லும் ஒருங்கிணைப்புகள் தொடர்ந்தன.

எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறி, மதிப்பு சமமாகத்தானே இருக்க வேண்டும்? ஏன் இப்படி ஆனது? இங்கேதான் ரகசியம். பணம் தேவைப்படும் நிறுவனம், ஒருங்கிணைப்பு முடிந்ததும் மறுபடி புதிய பங்குகளை வெளியிடும். பங்குகளின் எண்ணிக்கை கூடக்கூட விலை மறுபடி விழும். மறுபடி ஒருங்கிணைப்பு. கைக்காசு போட்டு வாங்கியவரின் பங்கு, ஒவ்வொரு சுற்றிலும் குழம்பில் தண்ணீர் விட்டதுபோல் நீர்த்துக்கொண்டே போகும்.

நாஸ்டாக் இதைக் கவனிக்காமல் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மொத்தமாக 250-க்கு 1 என்ற அளவைத் தொட்டுவிட்ட நிறுவனத்தின் விலை மீண்டும் ஒரு டாலருக்குக் கீழே போனால் அவகாசம் கிடையாது என்ற விதி இருந்தது. 2025 ஜனவரியில் இன்னும் இறுக்கினார்கள்: ஒருமுறை ஒருங்கிணைத்து ஓராண்டுக்குள் விலை மறுபடி வரம்புக்குக் கீழே போனாலும் அவகாசம் இல்லை.

எல்லாமே மோசம் இல்லை

ஒருங்கிணைப்பு என்றாலே ஓடிவிட வேண்டுமா? அப்படியும் இல்லை.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 2021 ஆகஸ்டில் 8 பங்குகளை 1 ஆக்கியது. சுமார் 13 டாலராக இருந்த விலை 100 டாலரைத் தாண்டியது. அதோடு நிற்கவில்லை. கடனைக் குறைத்து, தொழில்களை மூன்று தனி நிறுவனங்களாகப் பிரித்து, நிமிர்ந்து நின்றது. அங்கே பலன் கொடுத்தது ஒருங்கிணைப்பு அல்ல, அதோடு சேர்ந்து நடந்த வேலை.

சிட்டி குழுமம் 2011 மே மாதம் 10-க்கு 1 என்று செய்தது. 2,900 கோடியாக இருந்த பங்குகள் 290 கோடியாகின. விலை 4.52 டாலரிலிருந்து 45 டாலர் அளவுக்குப் போனது. ஆனால், அந்த ஆண்டு முடியும்போது 30 டாலருக்கும் கீழே இருந்தது. உலகின் பெரிய வங்கிகளில் ஒன்றுக்கே, விலைச்சீட்டை மாற்றியதால் சந்தை இரக்கம் காட்டவில்லை.

உங்கள் ஓட்டு எங்கே?

"நம்மகிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்காம எப்படிப் பண்ணலாம்?" என்று அப்பா கேட்பார். உண்மையில் கேட்டிருப்பார்கள். அது மெயில் பெட்டியில் திறக்கப்படாமல் கிடந்திருக்கும்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 61-ம் பிரிவுப்படி, பங்குகளை ஒருங்கிணைக்கப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்களின் ஒப்புதல் வேண்டும். ஒருங்கிணைப்பால் பங்குதாரர்களின் ஓட்டு விகிதமே மாறும் என்றால், தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் அனுமதியும் வேண்டும். மூலதனக் குறைப்பு என்றால் 66-ம் பிரிவு. அதற்குச் சிறப்புத் தீர்மானமும் தீர்ப்பாயத்தின் ஒப்புதலும் கட்டாயம். திவால் சட்டத்தின் கீழ் நடப்பவை வேறு பாதை. அங்கே முடிவு கடன் கொடுத்தவர்கள் கையில். சாதாரணப் பங்குதாரருக்கு ஓட்டு இல்லை.

பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் வீட்டிலிருந்தே மொபைலில் ஓட்டுப் போடலாம். என்.எஸ்.டி.எல் அல்லது சி.டி.எஸ்.எல் தளம் வழியாக இந்த இ-ஓட்டுப்பதிவு குறைந்தது மூன்று நாள்கள் திறந்திருக்கும். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணியோடு முடியும். புரொமோட்டரிடம் பாதிக்கு மேல் பங்கு இருக்கும் நிறுவனத்தில் 60 பங்கு ஓட்டு எதையும் புரட்டிப் போடாதுதான். ஆனால், அந்த நோட்டீஸைப் படித்தவருக்கு ரெக்கார்டு தேதிக்கு முன் யோசிக்க நேரம் கிடைக்கிறது. படிக்காதவருக்கு அதிர்ச்சி மட்டும்தான் கிடைக்கிறது.

டீமேட், பழைய சர்ட்டிஃபிகேட், வரி

முகமதிப்பு மாறும்போது பங்கின் அடையாள எண்ணான ஐ.எஸ்.ஐ.என்-னும் மாறும். பழைய எண்ணில் இருந்த பங்குகள் கழிக்கப்பட்டு, புதிய எண்ணில் வரவு வைக்கப்படும். நடுவில் சில நாள்கள் பங்கு கண்ணில் படாமலோ, விற்க முடியாமலோ போகலாம். பதற வேண்டாம். ஏற்கெனவே போட்டு வைத்த நீண்டநாள் ஆர்டர்கள் ரத்தாகியிருக்கும். அவற்றைப் புதிய விலைக்கு ஏற்பப் புதிதாகப் போட வேண்டும்.

பீரோவில் தாத்தா காலத்து பங்குச் சான்றிதழ் இருக்கிறதா? அந்த நிறுவனம் நடுவில் ஒருங்கிணைத்திருந்தால், சான்றிதழில் உள்ள எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். நிறுவனத்தின் பதிவாளரைத் தொடர்புகொண்டு, இன்றைய எண்ணிக்கையைக் கேட்டு, டீமேட்டாக மாற்றுங்கள். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்ட் வாங்கப்படாமல் இருந்தால், பங்குகளே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். உரியவர் விண்ணப்பித்தால் திரும்பப் பெறலாம், ஆனால் அலைச்சல்.

வரி விஷயத்தில் நிம்மதி. ஒருங்கிணைப்பு நடந்ததற்காக வரி கட்ட வேண்டியதில்லை. பின்னாளில் விற்கும்போது பழைய பங்குகளுக்குக் கொடுத்த விலையே புதிய பங்கின் அடக்கவிலை. நம் அப்பாவுக்கு ஒரு பங்கு 800 ரூபாய். அவர் 200 ரூபாய்க்கு விற்றால் அது நஷ்டக் கணக்கு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கில் வரும் நஷ்டத்தை மற்ற நீண்டகால மூலதன லாபத்தில் கழிக்கலாம். உரிய தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தால் எட்டு ஆண்டுகள்வரை எடுத்துச் செல்லவும் முடியும். இதற்கு ஆதாரம் வேண்டும். வாங்கியபோது புரோக்கர் அனுப்பிய கான்ட்ராக்ட் நோட்டை அழித்துவிடாதீர்கள்.

அறிவிப்பு வந்தால் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. விகிதம் என்ன, ரெக்கார்டு தேதி எப்போது? உங்களிடம் உள்ள எண்ணிக்கை அந்த விகிதத்தால் மீதியின்றி வகுபடுகிறதா?

2. மிஞ்சும் பின்னத்துக்குப் பணமா, முழுப் பங்கா? டீமேட்டில் இணைத்திருக்கும் வங்கிக் கணக்கு இன்னும் நடப்பில் உள்ளதா?

3. வெறும் ஒருங்கிணைப்பா, மூலதனக் குறைப்பும் சேர்ந்ததா?

4. இதே நோட்டீஸில் புதிய பங்குகள் வெளியிடவும் அனுமதி கேட்கிறார்களா? கேட்டால், யாருக்கு, என்ன விலையில்?

5. கடந்த மூன்று ஆண்டுகளில் விற்பனை, லாபம், கடன் எப்படி? புரொமோட்டர் தன் பங்கை விற்றிருக்கிறாரா, அடமானம் வைத்திருக்கிறாரா?

6. எக்ஸ்சேஞ்சின் ஏ.எஸ்.எம், ஜி.எஸ்.எம் கண்காணிப்புப் பட்டியலில் இந்தப் பங்கு இருக்கிறதா?

இதோடு ஓர் எச்சரிக்கை. '2 ரூபாய்ப் பங்கு 200 ரூபாய் ஆனது' என்று திருத்தப்படாத சார்ட்டைக் காட்டி வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வலை விரிப்பவர்கள் உண்டு. நூறு மடங்கு உயர்வு ஒரே நாளில் தெரிந்தால், அது வளர்ச்சியா, வெறும் வகுத்தல் கணக்கா என்று முதலில் பாருங்கள். பின்னத்துக்கான பணம் வரவில்லை, புதிய பங்கு வரவு வைக்கப்படவில்லை என்றால் முதலில் நிறுவனத்தின் பதிவாளரிடம் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்தில் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது.

கற்பனை வீட்டுக்குத் திரும்புவோம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவும் மகளும் நிறுவனத்தின் நோட்டீஸைத் தேடி எடுத்து முழுதாகப் படித்தார்கள். இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது, புதிய பங்குகள் வெளியிடும் தீர்மானம். மறுநாள் 49 பங்குகளையும் விற்றுவிடலாம் என்று முடிவானது.

பிறகு அப்பா அக்காவுக்கு போன் போட்டார். 60 பங்குக்கு அவர் கொடுத்தது 480 ரூபாய். அதில் இன்று மிச்சம் சுமார் 120 ரூபாய். அதைச் சொல்லி முடித்துவிட்டு, சற்றுத் தயங்கிச் சொன்னார்.

"தப்பு என்னோடதுதான்க்கா. விலையைப் பார்த்தேன். கம்பெனியைப் பார்க்கல."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சரி விடுடா. 360 ரூபாய் பீஸ் கட்டிப் படிச்சதா நினைச்சுக்கிறேன். அடுத்த தடவை ஏதாவது லெட்டர் வந்தா, ரெண்டு பேரும் சேர்ந்தே படிப்போம்."